கழுத்துத் தண்டுவட அழுத்தத்திற்கான முன்வழி, பின்வழி அறுவை முறைகள்: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்
கழுத்தில் தண்டுவடம் நெருக்குண்ணும் நோய்க்கு முன்வழி, பின்வழி என இருவகை அறுவை முறைகள் உள்ளன. இவற்றுள் ஒன்று எல்லார்க்கும் சிறந்தது எனக் கொள்ள இயலாது என்பதையும், காலத்தில் நோயறிதலின் இன்றியமையாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தண்டுவடம், கழுத்து முள்ளெலும்பு, முன்வழி அறுவை, பின்வழி அறுவை, விழுங்கல் இடர்ப்பாடு

முன்னுரை
வயது முதிர்வினால் கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தேய்கின்றன. எலும்பு விளிம்புகள் புடைக்கின்றன. இதனால் தண்டுவடம் செல்லும் குழாய் குறுகுகிறது. நூற்பாலைகள் மிகுந்த இராஜபாளையத்திலும், நெசவுத்தொழில் நிகழும் திருவில்லிபுத்தூரிலும் இந்நோயின் முதல் அறிகுறி இழை முடிவதில் நேரும் தடுமாற்றமாகத் தோன்றக்கூடும். விரல் மரப்பும் நடைத் தள்ளாட்டமும் நீரிழிவின் விளைவாகவோ முதுமையாகவோ கருதப்பட வாய்ப்புண்டு. விரல்களை முழுமையாக மடக்கி விரித்தலை 10 நொடிகளில் 20 முறை செய்ய இயலாமை, ஐயங்கொள்ளத்தக்க எளிய அடையாளமாகும்.

இருவகை அணுகுமுறைகள்
முன்வழி அறுவை 1950களில் ராபின்சன், ஸ்மித், கிளவார்டு ஆகியோரால் நிலைபெற்றது. உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒருபுறம் ஒதுக்கி, அழுத்தும் வட்டையோ முள்ளெலும்பின் உடற்பகுதியையோ அகற்றி, அவ்விடத்தில் எலும்பு ஒட்டு வைக்கப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உலோகத் தகடு பொருத்தாமல், நோயாளியின் சொந்த எலும்பையே ஒட்டாக வைக்கும் முறை தொடர்ந்து ஆராயப்பட்டுள்ளது.

பின்வழியில் முள்ளெலும்பின் பின்வளைவை அகற்றுவது லாமினெக்டமி. அதனைக் கதவுபோல் திறந்து நிறுத்துவது லாமினோபிளாஸ்டி. பின்னதன் ஒருபுறத் திறப்பு முறையை ஜப்பானியரான ஹிரபயாஷி 1977இல் தொடங்கினார். பின்வழியில் அழுத்தும் பொருள் நேரடியாக நீக்கப்படுவதில்லை. தண்டுவடம் பின்னோக்கி நகர்ந்து விடுபடுகிறது. ஆகவே கழுத்தின் இயல்பான வளைவு இழக்கப்பட்டு முன்னோக்கிக் கூன் விழுந்தவர்க்கு இம்முறை மட்டும் போதுமான பயனளிப்பதில்லை. ஓரிரு மட்டங்களில் முன்புறமாக அழுத்தம் இருப்பின் முன்வழியும், வளைவு கெடாத நிலையில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மட்டங்களில் அழுத்தம் இருப்பின் பின்வழியும் பொதுவாக விரும்பப்படுகின்றன.

ஒப்பீடு
அமெரிக்கா, கனடா நாடுகளின் 15 மையங்களில் 163 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பெற்ற ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் உடலியக்க நலத்தில் இருவகையினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயின் சிக்கல்கள் முன்வழியில் 48 விழுக்காடு, பின்வழியில் 24 விழுக்காடு. இவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம் முன்வழியினருள் 41 விழுக்காட்டினர்க்கு நேர்ந்த விழுங்கல் இடர்ப்பாடு. புதிய நரம்பியல் குறைபாடோ முன்வழியில் 2, பின்வழியில் 9 விழுக்காடு. எனவே சிக்கல்களின் எண்ணிக்கையுடன் அவற்றின் தன்மையும் எடைபோடத்தக்கது. இருவழிகளும் பொருந்தக்கூடியவர்களே இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். ஆதலின் இம்முடிவு கூன் விழுந்தவர்க்குப் பொருந்தாது.

முடிவுரை
அழுத்தத்தின் இடம், மட்டங்களின் எண்ணிக்கை, கழுத்தின் வளைவு ஆகியவையே வழியைத் தீர்மானிக்கின்றன. இருவழியும் பொருந்துமிடத்து நோயாளி எவ்விடரைத் தாங்கவல்லார் என்பது முன்னிற்கிறது. இப்பகுதியினர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களை நாட 75 முதல் 85 கி.மீ. செல்ல வேண்டியிருத்தலால், அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பும் இம்முடிவில் இடம்பெறுதல் தகும். நெடுநாள் நெருக்குண்ட தண்டுவடம் எவ்வழியாலும் முழுமையாக மீள்வது அரிது. எனவே இழை முடியத் தடுமாறும் விரல்களை முதல் மருத்துவரே ஐயுறுதல், வழித்தேர்வினும் முதன்மையானது.