டிங்கிக்கு எந்த மோட்டார்?

பாய்மரப் படகை நங்கூரமிட்டு நிறுத்திட்டு கரைக்குப் போய்வர வைத்திருக்கும் குட்டிப் படகுதான் டிங்கி. அதுக்கு மோட்டார் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை குதிரைத்திறன்?" நான் முதலில் பார்ப்பது எடையை. ஆடுகிற பெரிய படகிலிருந்து, அதைவிட அதிகமா ஆடுகிற டிங்கிக்குள் அதை இறக்கணும். பிடி நழுவினா மோட்டார் கடலில். கால் நழுவினா நாமும்.

2.4 மீட்டர் டிங்கி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்வரை வேகம் மணிக்கு 4 கடல் மைல் அளவில் நின்றுவிடும். அதுக்கு 2.5 குதிரைத்திறனே போதும். நீர்மேல் எழும்பிச் சறுக்கணும்னா பல மடங்கு திறன் வேணும். எடையும் கூடவே ஏறும்.

ஹோண்டா 2.3, சுசுகி 2.5 இரண்டுமே 14 கிலோவுக்கு அருகில். ஹோண்டா காற்றால் குளிர்வது. உப்பு அடைக்க நீர்வழியே இல்லை, ஆனா சத்தம் அதிகம். சுசுகி நீரால் குளிர்வது. சத்தம் குறைவு, ஆனா உப்பு போக நல்ல தண்ணீரில் அலசணும். டார்கீடோ டிராவல் 1103 மின்மோட்டார் மொத்தம் சுமார் 17 கிலோ. ஆனா பேட்டரியைக் கழற்றி இரண்டு தடவையா இறக்கலாம்.

வாங்குமுன் ஒரே கையால் தூக்கிப் பாருங்க. இன்னொரு கை படகைப் பிடிக்க வேணும்.