'கிராஜுவேட்' என்னும் சொல்

ஆங்கிலத்துக் 'கிராஜுவேட்' என்னும் சொல், படியெனப் பொருள்படும் 'கிராதுஸ்' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. அமெரிக்கர் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தோரையும் இச்சொல்லாற் குறிப்பர். பிரித்தானிய மரபிலும் அதன்வழி இலங்கையிலும் அது பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர்க்கே பெரிதும் உரியது. நாம் வழங்கும் 'பட்டதாரி'யோ வேறு கருத்துடைத்து. பட்டமென்பது பண்டு சிறப்புப் பெற்றோர் நெற்றியில் அணிந்த பொற்றகடு. அஃது அணிகலன், ஏறுதற்குரிய படியன்று. 'படி' என்னும் நம் சொல் ஏணிக்கும் கல்விக்கும் பொதுவாயிருக்க, அதனை விடுத்து நெற்றியணியை நாடியமை வியப்பே.

இராகலைத் தோட்டங்களில் இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. 'மகன் படிப்பை முடித்துவிட்டான்' என்பர் பெற்றோர். பட்டம் பெற்றவனுக்கும் அச்சொல். சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டுக் கொழும்புக் கடையிற் சேர்ந்தவனுக்கும் அச்சொல்லே. ஆங்கிலம் இவ்விருவரையும் பிரித்துரைக்கும். ஆதலின், அவ்வாறு கூறுவோரிடம் 'எதனை முடித்தான்?' என மீண்டும் வினவுதல் என் வழக்கமாயிற்று.