ஏரிநீரும் மோட்டார்த் தொழிலும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைக் குடவோலைத் தேர்தலின் பொருட்டே பலரும் போற்றுவர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதற் பராந்தக சோழன் காலத்தே பொறிக்கப்பெற்ற அவை, ஏரியைக் காத்தற்கென்றே ஏரி வாரியம் ஒன்று இருந்தமையையும் நமக்கு அறிவிக்கின்றன.

அவ்வூர் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இன்று மோட்டார் வண்டிகள் செய்யப்படுகின்றன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998-இல் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. இத்தொழிலில் நீரை மிகுதியும் வேண்டுவது வண்ணம் பூசும் கூடமாம். தகட்டின் எண்ணெயும் அழுக்கும் நீங்கப் பன்முறை கழுவிய பின்னரே வண்ணம் நன்கு பற்றும். உலோகமும் இரசாயனமும் கலந்த அக்கழிவுநீரைத் தெளியவைத்து, நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கினால், நீர் மீண்டும் ஆலைக்கே பயன்படும். கழிவு வயலையும் ஏரியையும் சென்றடையாது.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் இம்மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. ஆலைக்கும் கழனிக்கும் மழை ஒன்றே அன்றோ? வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகார் என விதித்தது உத்திரமேரூர்ச் சபை. ஆதலின், தாம் எடுத்த நீரையும் மீட்ட நீரையும் ஆலையார் ஊரறியக் கணக்கிட்டுக் காட்டுதலே முறையென்பது நம் துணிபு.