ஈயம் ஏற்றினால் போதுமா?

பழைய யுபிஎஸ் போர்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் பூச்சுக்கு நடுவே சில தடங்கள் மட்டும் வெள்ளி நிறத்தில் மேடுதட்டியிருக்கும். பேட்டரியின் மின்சாரம் முழுக்கப் போகும் வழி அது. அந்த இடத்தில் மட்டும் பூச்சை விலக்கி, செம்பின் மேல் ஈயம் ஏற்றியிருக்கிறார்கள்.

காரணம் செம்பின் கனம். சாதாரண போர்டில் அது 35 மைக்ரான்தான். 2.5 மி.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள ஒரு டிராக்கின் மின்தடை சுமார் 20 மில்லி ஓம். கேட்க அற்பம். ஆனால் 10 ஆம்பியர் ஓடினால் அந்தக் கோடு மட்டும் 2 வாட் வெப்பத்தைக் கக்கும். 20 ஆம்பியர் என்றால் வெப்பம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். டிராக் கருகுவதும் போர்டை விட்டு உரிந்து எழும்புவதும் இப்படித்தான்.

ஈயம் எவ்வளவு உதவும்? பற்றவைக்கும் ஈயம் உண்மையில் வெள்ளீயம் கலந்த உலோகம். அதன் மின்தடை செம்பைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆகவே 50 மைக்ரானுக்கு மெலிதாகத் தடவினால் கிடைப்பது 6 மைக்ரான் செம்புக்குச் சமம். பளபளப்பு வரும், பலன் வராது. அரை மி.மீ. உயரத்துக்கு மொத்தமாக ஏற்றினால் மின்தடை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். தொழிற்சாலைக்கு இதில் தனிச்செலவு இல்லை. உருகிய ஈய அலைமேல் போர்டு நகரும்போது வெற்றுச் செம்பு தானே ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கே எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் நம் கையில் இல்லை.

அதே டிராக்கின்மேல் 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியைப் படுக்கவைத்து நெடுகப் பற்றவையுங்கள். மின்தடை பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். கனமான ஈயப்பூச்சைக் காட்டிலும் ஒரு துண்டுக் கம்பி மேல்.

புதிதாக போர்டு வரைகிறவர்களுக்கு இந்த ஒட்டு வேலையெல்லாம் தேவையில்லை. ஐபிசி-2221 தரக்கணக்கின்படி, 10 ஆம்பியருக்கு வெப்பம் 10 டிகிரிக்குமேல் ஏறாமலிருக்க, வெளி அடுக்கில் சுமார் 7 மி.மீ. அகலம் வேண்டும். இடமில்லையா? 70 மைக்ரான் செம்பு கேட்டு வாங்கலாம். பாதி அகலம் போதும்.

பழுதுபார்க்கக் கொடுத்த இன்வெர்ட்டரில் எரிந்த டிராக்கை வெறும் ஈயத்தால் இணைத்திருந்தால், கம்பி வைத்துத் தரச் சொல்லுங்கள். அது ஏன் எரிந்தது என்றும் கேட்டுவிடுங்கள்.