மேன்டில் முதல் மின்சார ஸ்கூட்டர் வரை

நம் உறுப்பினர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கை மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் போன இரவுகளில் கடைக்கு அதுதான் வெளிச்சம். கை பட்டால் பொடியாகிவிடும் அதன் மேன்டிலை வைத்துக் கவுண்டமணியும் செந்திலும் ஒரு நகைச்சுவையே செய்துவிட்டார்கள். அந்த வெள்ளை வலை எரிந்து ஒளிர்ந்ததற்குக் காரணம் அதில் ஏற்றப்பட்ட தோரியமும், சிறிதளவு சீரியமும். இரண்டுமே மோனசைட் என்னும் கடற்கரை மணலில் இருப்பவை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். பிறகு மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. இன்று அது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்திடம் உள்ளது.

சீரியத்தோடு பிறந்த அருமண் உலோகங்கள் மொத்தம் 17. அவற்றில் நியோடிமியம், பிரசியோடிமியம் இரண்டும்தான் இப்போது கிராக்கியானவை. இவற்றை இரும்போடு சேர்த்துச் செய்யும் காந்தம் இல்லாமல் இன்றைய மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை ஓடா. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் உலோகங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. நம் நாட்டு வாகனத் தொழில் ஆடிப்போயிற்று. சரக்கு டெலிவரிக்கு மின்சார வண்டி வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மணல் நம்மிடமே இருக்க, சந்தை ஏன் ஒரே நாட்டின் கைக்குப் போனது? வியாபாரிக்கு இது புரியாத கணக்கல்ல. நம் பில்லில் கழிவு என்றால் தள்ளுபடி. அந்தத் தொழிலில் கழிவு என்றால் அமிலமும் கதிரியக்கச் சேறும். அதை அப்புறப்படுத்தும் செலவை அடக்கவிலையில் சேர்க்காதவன் மலிவாக விற்றான். மற்றவர்கள் கடையைச் சாத்தினார்கள்.

அழுக்கு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். நம் மோனசைட்டில் நூறு கிலோவுக்கு ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் அருமண் இருக்கும்; எட்டு, ஒன்பது கிலோ தோரியமும் இருக்கும். தோரியம் கதிரியக்கப் பொருள். மலேசியாவில் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982 முதல் நடந்த ஆலை அதன் கழிவைச் சரியாகக் காக்காததால் ஊரே திரண்டு வழக்காடியது. 1994இல் ஆலை மூடப்பட்டது. இந்தியாவில் மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து உடைக்கிறார்கள். அதிலுள்ள பாஸ்பேட், ட்ரைசோடியம் பாஸ்பேட் என்ற விற்பனைச் சரக்காகிறது. தோரியம் அணுசக்திக்கென இருப்பில் வைக்கப்படுகிறது. குப்பை என்று கொட்ட வேண்டியதைப் பண்டமாக்கும் இந்த முறை கெட்டிக்காரத்தனமானது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. 17 உலோகங்களும் ரசாயனக் குணத்தில் ஒன்றுபோல இருப்பவை. மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் பிரிமருந்தைக் கலந்து, அமிலக் கரைசலோடு மீண்டும் மீண்டும் குலுக்கித்தான் அவற்றைப் பிரிக்க முடியும். இதற்குப் பல நூறு தொட்டிகள் வேண்டும். அமிலமும் அமோனியாவும் கலந்த கழிவுநீர் இங்கேதான் பெருகுகிறது. தென்சீனத்தில் இன்னொரு கூத்து. நம் உரக்கடைகளில் மூட்டையாக விற்கும் அதே அமோனியம் சல்பேட்டைக் கரைத்து மலைக்குள் ஊற்றி, களிமண்ணிலிருந்து உலோகத்தைக் கழுவி எடுத்தார்கள். ஓடைகளும் வயல்களும் கெட்டன.

இப்போது அதே சீனாவின் விஞ்ஞானிகள் மண்ணில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தை நகர்த்தும் முறையைச் சோதித்துள்ளார்கள். அமோனியம் சல்பேட் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2018இல் லான்மாடுலின் என்ற புரதத்தைக் கண்டறிந்தார்கள். செடிகளின் இலை மேல் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த இது அருமண்ணை மட்டும் தேடிப் பற்றிக்கொள்கிறது. எண்ணெய் இல்லாமல் வெறும் நீரிலேயே பிரித்துவிடலாம். இன்னும் ஆய்வகச் சரக்குதான்; ஆலைக்கு வரவில்லை.

கைக்கு எட்டும் வழி பழைய காந்தம். மணலிலிருந்து மோனசைட்டைத் தேடிப் பொறுக்க வேண்டும். நியோடிமியம் காந்தத்தின் எடையிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அருமண்தான்; தோரியமும் கிடையாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் வகுத்த முறையில் ஹைட்ரஜன் வாயுவை ஊட்டினால் காந்தம் தானே உதிர்ந்து பொடியாகிறது. அதையே மறுபடி காந்தமாக வார்க்கலாம். அமிலக் குளியல் இல்லை.

நமக்கு மணலும் வேண்டியிருக்கும். ஆனால் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்க்கிறார்கள். கரை போனால் கட்டுமரம் எங்கே நிற்கும் என்ற அவர்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அதனால் பழைய காந்தத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

2025 செப்டம்பரில் முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாயும், நவம்பரில் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாயும் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. பழைய கம்ப்யூட்டர், ஸ்கூட்டர் மோட்டார்களைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடும் முன் ஒன்று கவனியுங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலுள்ள கறுப்புக் காந்தம் ஃபெரைட். அதில் அருமண் இல்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து வரும் வெள்ளி போன்ற பளபளப்பான சிறு தகடு, இரும்பில் ஒட்டினால் பிடுங்க முடியாமல் நிற்பது, அதுதான் நியோடிமியம். இரண்டையும் ஒரே சாக்கில் போடாமல் தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள். விரல் நடுவில் சிக்கினால் நசுங்கிவிடும், கவனம்.