போர் விமானங்களின் இறக்கை வடிவம்

போர் விமானத்தின் இறக்கை அதைத் தூக்கிப் பிடிப்பதோடு, திருப்பங்களில் ஏற்படும் பெரும் சுமையையும் தாங்குகிறது. விமானம் விமானிக்கு எவ்வளவு இணங்கும் என்பதையும் அதன் வடிவமே பெரிதும் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டிலேயே இருவேறு வடிவங்களைக் காணலாம். 2018இல் கோவையை அடுத்த சூலூர் தளத்திற்கு வந்த தேஜஸ், கிடைவால் இல்லாத முக்கோண இறக்கை கொண்டது. 2020 சனவரியில் தஞ்சாவூரில் படையணியாகச் சேர்ந்த சுகோய்-30 எம்கேஐ, பின்சாய்ந்த இறக்கையும் தனிக் கிடைவாலும் உடையது.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நேரான இறக்கையின் மீது அதிர்ச்சி அலைகள் தோன்றி, காற்றின் இழுவை திடீரென உயரும். இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால், முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் காற்றின் வேகம் குறைவதால் இந்தச் சிக்கல் தள்ளிப்போகிறது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு 1961 சூன் 17 அன்று முதலில் பறந்த எச்எப்-24 மாருத் இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் சாய்ந்த நீள இறக்கை, சுமையில் வளையும்போது முறுக்கவும் படுகிறது. மெதுவாகப் பறக்கையில் அதன் நுனி முதலில் தூக்குவிசையை இழக்கக்கூடும்; அப்போது மூக்கு தானாக மேலெழும்.

முக்கோண இறக்கையின் சிறப்பு அதன் அடிப்பகுதியில் உள்ளது. 10 டன் எடையுள்ள விமானம் புவியீர்ப்பைப் போல் 8 மடங்கு விசையில் திரும்பினால், இறக்கைகள் 80 டன் சுமையைத் தாங்க வேண்டும். அந்தச் சுமையால் வரும் வளைவு, இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் மிக அதிகம். தென்னை மட்டை அடியில் அகன்று தடித்திருப்பதும் இதற்காகத்தான். அதிவேகத்துக்கு இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். ஆனால் மெல்லியது என்பது அகலத்தோடு ஒப்பிட்ட அளவே. தடிமன் அகலத்தில் 4 விழுக்காடு என்று கொண்டால், 2.5 மீட்டர் அகலமான அடிப்பகுதிக்கு 10 செ.மீ. தடிமனே கிடைக்கும்; 6 மீட்டர் அகலமானால் 24 செ.மீ. கிடைக்கும். ஆகவே முக்கோண இறக்கை, மெல்லியதாக இருந்துகொண்டே உறுதியாகவும் இருக்கிறது. எரிபொருளுக்கும் உள்ளே இடம் தருகிறது. தேஜசின் கட்டமைப்பில் எடையளவில் சுமார் 45 விழுக்காடு கார்பன் இழை போன்ற கூட்டுப்பொருள்கள் என்பதால் எடையும் குறைகிறது.

இதற்கு விலையும் உண்டு. முக்கோண இறக்கை, மெதுவாகப் பறக்கையில் மூக்கை நன்கு உயர்த்தினால்தான் போதிய தூக்குவிசை தரும். அப்போது முன்விளிம்பில் உருவாகும் காற்றுச் சுழல்கள் விமானத்தைத் தாங்கும். ஆனால் இழுவையும் ஏறும். இறுக்கமான திருப்பத்தில் வேகம் சட்டென வடிவதும் இதனால்தான். 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை இந்திய விமானப்படையில் இருந்த மிக்-21, சிறிய முக்கோண இறக்கையால் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் தரையிறங்கியது. 2008இல் ஹாக் பயிற்சி விமானம் வரும்வரை, மெதுவான பயிற்சி விமானங்களிலிருந்து இளம் விமானிகள் பலர் நேராக இதற்கு மாற வேண்டியிருந்தது. அந்த இடைவெளியின் ஆபத்தை எளிதாக எண்ணிவிட முடியாது.

கிடைவால் இல்லாவிட்டால் இன்னொரு சிக்கல். மூக்கை உயர்த்த, இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளை மேலே திருப்ப வேண்டும். உடனே தூக்குவிசை சற்றுக் குறையும். எனவே தேஜசில் எடை மையம் வேண்டுமென்றே பின்தள்ளி வைக்கப்பட்டு, விமானம் நிலையற்றதாக ஆக்கப்பட்டது. அதனால் திருப்பம் சுறுசுறுப்பாகிறது. ஆனால் கணினி இடைவிடாது திருத்தாமல் அதைப் பறக்கவைக்க இயலாது. அதற்காக நான்கு இணை வழிகள் கொண்ட மின்னணுக் கட்டுப்பாடு அமைக்கப்பட்டது. 1998 அணுச்சோதனைக்குப் பின் அமெரிக்கத் தடையால் வெளிநாட்டு உதவி நின்றபோதும், இந்தியப் பொறியாளர்கள் அதை முடித்து 2001 சனவரி 4 அன்று விமானத்தைப் பறக்கவிட்டனர்.

தேஜசின் முன்விளிம்பு ஒரே கோடாக இல்லை. உடலருகே குறைவாகவும் வெளியே அதிகமாகவும் சாய்ந்துள்ளது. உட்பகுதியில் எழும் சுழல்கள் இறக்கையின் மேற்பரப்பில் காற்றோட்டம் பிரியாமல் காக்கின்றன. கடற்படைக்கான தேஜசில் இறக்கையின் வேரருகே அசையும் தகடுகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டு, தரையிறங்கும் வேகம் குறைக்கப்பட்டது. 2020 சனவரி 11 அன்று அது ஐஎன்எஸ் விக்ரமாதித்யா கப்பலின் தளத்தில் இறங்கியது.