அம்பத்தூர் எந்த ஊர்த் தொகுதி?

அம்பத்தூரில் குடியிருப்பவர் சொத்து வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. அவருடைய மாவட்டமும் இப்போது சென்னைதான். 2018-க்கு முன் அது திருவள்ளூர். 1997-க்கு முன் செங்கல்பட்டு. ஆனால் அவர் ஓட்டுப்போடும் அம்பத்தூர் சட்டமன்றத் தொகுதி, தேர்தல் கணக்கில் திருவள்ளூர் மாவட்டத்துப் பத்துத் தொகுதிகளில் ஒன்று. வரிசை எண் 8. நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் அவர் ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர் ஆகிவிடுவார். தாம்பரத்துக்காரரும் ஆலந்தூர்க்காரரும் தேர்ந்தெடுக்கும் அதே எம்.பி.தான் இவருக்கும். பக்கத்து ஆவடிக்கோ எம்.பி. வேறு. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் தனித் தொகுதியில் இருக்கின்றன.

இதில் யாருடைய தவறும் இல்லை. மாவட்ட எல்லையையும் மாநகராட்சி எல்லையையும் மாநில அரசு மாற்றலாம். 2011-ல் அம்பத்தூர் நகராட்சியும் அக்கம்பக்கத்து ஊர்களும் சென்னையோடு சேர்ந்தபோது மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2018-ல் சென்னை மாவட்டமும் அதே அளவுக்கு விரிந்தது. தொகுதி எல்லையை அப்படி மாற்ற முடியாது. அது மறுவரையறை ஆணையத்தின் வேலை. அந்த ஆணையம் போட்ட கோட்டை நீதிமன்றத்தில்கூட எதிர்க்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவு சொல்கிறது. இப்போதுள்ள கோடுகள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டவை; 2008-ல் நடைமுறைக்கு வந்தன. ஊர் மாறிவிட்டது, மாவட்டம் மாறிவிட்டது, தொகுதி மட்டும் அன்றைய வரைபடத்திலேயே நிற்கிறது.

மேற்குப் புறநகரின் தேர்தல் வரலாற்றைப் படிக்கும்போது யார் ஜெயித்தார்கள் என்பதைவிட முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோடுகளைத்தான் என்பேன். அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல் மூன்றும் 2008 மறுவரையறையில் உருவாகி, 2011-ல் முதல் தேர்தலைச் சந்தித்த தொகுதிகள். பட்டியலைப் பார்ப்பவருக்கு 2021 வரை அம்பத்தூருக்கு மூன்று தேர்தல் வரலாறுதான் என்று தோன்றும். அதன் முந்தைய கதை வில்லிவாக்கத்துக்குள் இருக்கிறது.

1977 முதல் 2006 வரை வில்லிவாக்கம் தொகுதியின் எல்லை 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி வரையப்பட்டதாகவே இருந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் சென்னை எந்தத் திசையில் பெருத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், டி.ஐ. சைக்கிள், டன்லப் என்று வேலை இருந்த இடத்துக்கெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஏரிக்கரை ஓரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். தொகுதி எல்லை அசையாததால் வில்லிவாக்கத்தின் வாக்காளர் பட்டியல் வீங்கிக்கொண்டே போய், மாநிலத்தின் மிகப் பெரிய பட்டியல்களில் ஒன்றானது. ஒரு எம்.எல்.ஏ. தன் தொகுதியைச் சுற்றி வரவே ஒரு பதவிக்காலம் போதாது என்ற நிலை.

அந்தப் பழைய வில்லிவாக்கத்தில் இன்று பலருக்கு நினைவில்லாத ஒரு செய்தி உண்டு. 1984 தேர்தலில் இந்திரா காந்தி படுகொலையின் அனுதாபமும் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்த அனுதாபமும் சேர்ந்து அ.தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தையே வாரிக்கொண்டு போனது. அந்த அலையிலும் வில்லிவாக்கத்தில் ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் வி.பி. சிந்தன், தொழிற்சங்கத் தலைவர். அடுத்த 1989 தேர்தலில் அதே கட்சியின் டபிள்யூ.ஆர். வரதராஜன் வென்றார். இருவருக்கும் தி.மு.க. கூட்டணி கை கொடுத்தது உண்மை. கூட்டணி மட்டுமே காரணம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆலை வாசலில் கூட்டம் போட்டுப் பேசத் தெரிந்தவருக்கு ஓட்டு விழும் தொகுதியாக அது இருந்தது. அந்தச் சாயலின் கடைசி மிச்சம் 2011-ல் மதுரவாயலில் தெரிந்தது. புதிய தொகுதியின் முதல் எம்.எல்.ஏ. மார்க்சிஸ்ட் கட்சியின் ஜி. பீம்ராவ். இந்த முறை கூட்டணி அ.தி.மு.க.வோடு. 2016-ல் இடதுசாரிகள் மக்கள் நலக் கூட்டணியாகத் தனியே நின்றார்கள். மாநிலம் முழுவதும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மதுரவாயல் அ.தி.மு.க.வின் பி. பெஞ்சமினுக்குப் போனது.

கோடு மாறியதும் அரசியல்வாதிகளும் இடம் தேடி அலைய வேண்டியிருந்தது. 2006-ல் வில்லிவாக்கத்தில் ஜெயித்த தி.மு.க.வின் பா. ரங்கநாதன், 2011-ல் புதிய அம்பத்தூரில் நின்று அ.தி.மு.க.வின் எஸ். வேதாச்சலத்திடம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். 2016-ல் சிறுத்துப்போன வில்லிவாக்கத்துக்கே திரும்பி வந்து ஜெயித்தார். அதே 2016-ல் அம்பத்தூரில் அ.தி.மு.க.வின் வி. அலெக்சாண்டரிடம் தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் அசன் மௌலானா, ஐந்து ஆண்டு கழித்து வேளச்சேரியில் எம்.எல்.ஏ. ஆனார். 2021-ல் அலெக்சாண்டரைத் தோற்கடித்தவர் தி.மு.க.வின் ஜோசப் சாமுவேல். வித்தியாசம் நாற்பதாயிரத்துக்கு மேல். 2021 வரையிலான மூன்று தேர்தலில் அம்பத்தூருக்கு மூன்று எம்.எல்.ஏ.க்கள், யாருக்கும் இரண்டாவது முறை கிடைக்கவில்லை.

ஆவடியும் அப்படித்தான். 2011-ல் அப்துல் ரஹீம், 2016-ல் கே. பாண்டியராஜன், 2021-ல் சா.மு. நாசர். முதல் இருவரும் அ.தி.மு.க., நாசர் தி.மு.க. மூவருமே அமைச்சராக இருந்தவர்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, படைப்பிரிவுகளின் முகாம்கள் என்று மத்திய அரசுச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. 1955 ஜனவரியில் நேரு முன்னிலையில் 'சோசலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டதும் இங்கேதான். அப்படிப்பட்ட ஊர் தன் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி பெற 2008 வரை காத்திருந்தது.

ஆவடியின் 2016 முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாண்டியராஜன் 1,08,064; நாசர் 1,06,669. வித்தியாசம் 1,395. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓட்டு அளவுதான். ஐந்தாண்டு கழித்து அதே இருவர் மோதியபோது நாசர் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். தெருவும் வேட்பாளர்களும் அவர்களேதான். மாறியது மாநிலத்தின் காற்று. வேட்பாளரின் சொந்த செல்வாக்கு புறநகரில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல், பூந்தமல்லி நான்கும் ஆட்சியைப் பிடித்த கூட்டணிக்கே போயின. 2016-ல் சென்னை நகரத்தின் 16 தொகுதிகளில் பத்து தி.மு.க.வுக்குக் கிடைத்தபோதும் மேற்கு எல்லையைத் தாண்டியதும் நான்கு தொகுதியிலும் இரட்டை இலைதான். நகரம் ஒரு பக்கம், நகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிற புறநகர் மறு பக்கம். 'ஜெயிக்கிற கட்சிக்குப் போடுகிறவர்கள்' என்று இதைச் சிலர் கேலியாகச் சொல்வார்கள். ஓட்டுப்போடும்போது யார் ஜெயிப்பார்கள் என்பது யாருக்குத் தெரியும்? பல மாவட்டங்களிலிருந்தும் வந்து கலந்து வாழ்கிற இடம் என்பதால் மாநிலத்தின் மனநிலை இங்கே அப்படியே பிரதிபலிக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஆண்டுகளில் இந்த வரிசையை உடைத்த ஒரே தேர்தல் 2019 பூந்தமல்லி இடைத்தேர்தல். பூந்தமல்லி பழைய தொகுதி. காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவராக இருந்த டி. சுதர்சனம் 2006-ல் இங்கிருந்துதான் சட்டமன்றம் போனார். 2008 மறுவரையறையில் அது தனித் தொகுதி ஆனது. தனித் தொகுதி என்றால் ஆதிதிராவிடர்கள் மட்டும் ஓட்டுப்போடுவது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஓட்டு எல்லோருக்கும் உண்டு; வேட்பாளராக நிற்பவர் மட்டும் பட்டியல் இனத்தவராக இருக்க வேண்டும்.

2016-ல் பூந்தமல்லியில் ஜெயித்த அ.தி.மு.க.வின் டி.ஏ. ஏழுமலை, அடுத்த ஆண்டு முதல்வர் பழனிசாமி மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த டி.டி.வி. தினகரன் அணியில் ஒருவர். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் பதினெட்டு எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து ஓட்டுப்பதிவு நடந்து, முன்னாள் எம்.பி. ஆ. கிருஷ்ணசாமி தி.மு.க. சார்பில் வென்றார். அதாவது பூந்தமல்லிக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக எம்.எல்.ஏ. இல்லை. 2021-ல் கிருஷ்ணசாமி மீண்டும் நின்று, பா.ம.க. வேட்பாளரைத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

பிரதிநிதி இல்லாமல் இருந்த கதையில் மாநகராட்சி இன்னும் மோசம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று கவுன்சிலரிடம் போக வேண்டிய மனுக்களெல்லாம் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குப் போயின. நடுவில் 2019-ல் ஆவடி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. அதன் முதல் மேயரைப் பார்க்க ஊர் மூன்று ஆண்டு காத்திருந்தது.

2021-ல் கவனிக்க வேண்டிய இன்னொன்று மூன்றாவது ஓட்டு. மதுரவாயலில் மக்கள் நீதி மய்யத்தின் பத்மபிரியா முப்பதாயிரத்துக்கும் மேல் வாங்கினார். அம்பத்தூரில் நாம் தமிழரும் மய்யமும் தலைக்கு இருபதாயிரத்தைத் தாண்டின. யாரையும் ஜெயிக்க வைக்காத ஓட்டுதான். ஆனால் ஆவடியில் 1,395-ல் ஒரு தேர்தலே முடிந்ததை நினைத்தால் இந்த எண்களைச் சின்னது என்று ஒதுக்க முடியாது.

மறுபடி கோட்டுக்கே வருகிறேன். ஆவடி நகராட்சியின் மக்கள்தொகை 2001-ல் சுமார் 2.3 லட்சம், 2011-ல் 3.46 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. அம்பத்தூர் அதே காலத்தில் 3 லட்சத்திலிருந்து 4.66 லட்சம் ஆனது. தொகுதிகளோ 2001 கணக்கிலேயே நிற்கின்றன. 2021-ல் சென்னைத் துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.75 லட்சம் வாக்காளர்கள். ஆவடியிலும் மதுரவாயலிலும் நான்கு லட்சத்துக்கு மேல். தெற்கே சோழிங்கநல்லூரில் ஏழு லட்சத்தை நெருங்கிவிட்டது. துறைமுகத்து ஓட்டு ஒன்றின் எடையில் ஆவடிக்காரரின் ஓட்டு பாதிகூட இல்லை. பழைய வில்லிவாக்கத்துக்கு நேர்ந்ததுதான் அதிலிருந்து பிரிந்தவற்றுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இப்போது நேர்கிறது.

சட்டமன்ற இடங்கள் 1967 முதல் 234-தான். 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கை வைத்தே இடங்களின் எண்ணிக்கையைத் திருத்த முடியும் என்று அரசியல் சட்டத்தின் 84-வது திருத்தம் சொல்கிறது. கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. மறுவரையறை என்றதும் தமிழகத்துக்கு எத்தனை எம்.பி. குறையும் என்றே எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் மாநிலத்துக்குள்ளும் ஒரு பங்கீடு நடக்கும். 234-ஐ மாற்றாமல் விட்டாலும் டெல்டாவிலும் தெற்கிலும் சில தொகுதிகள் கரைந்து சென்னையைச் சுற்றிப் புதிய தொகுதிகள் முளைக்க வாய்ப்பிருக்கிறது. 2008-ல் நடந்தது அதுதான்.

அதற்குள் புறநகர்வாசி செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2025 டிசம்பர் 19-ல் வெளியான, வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின் வரைவில் தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, வீடு மாறியவர்கள் அதில் ஏராளம். வாடகை ஏறினால் கொரட்டூரிலிருந்து திருமுல்லைவாயிலுக்கும் அங்கிருந்து பட்டாபிராமுக்கும் நகர்கிற குடும்பங்களின் பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கும், அல்லது ஒரு நாள் காணாமல் போயிருக்கும். அட்டை கையில் இருப்பதால் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தேர்தல் ஆணைய இணையதளத்திலோ 1950 என்ற எண்ணிலோ உங்கள் பெயரையும் பாகம் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு மாறியிருந்தால் படிவம் 8, பெயரே இல்லையென்றால் படிவம் 6. தேர்தல் அறிவித்தபின் அலைவதைவிட இன்றைக்கே முடித்துவிடுங்கள்.